அரை ஆள் கணக்கும் ஒரு தோசை மாஸ்டரும்

சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடை வைக்கப்போகிறேன் என்று ஊரிலிருந்து யாராவது போன் போட்டால் நான் முதலில் கேட்பது இடம் எங்கே, வாடகை எவ்வளவு என்பதை அல்ல. உள்ளூர் ஆள் எத்தனை பேர் கையில் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். எதிர்முனையில் குழம்பிப்போவார்கள். "உள்ளூர் ஆள் எதுக்குங்க? மாஸ்டர் ரெடியா இருக்கார், சப்ளைக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, எல்லாரையும் இங்கேருந்தே கூட்டிட்டு வந்துடுறேன்." அப்படியெல்லாம் கூட்டிக்கொண்டு வர முடியாது என்று சொன்னால், இவன் போட்டிக்குக் கடை வரக்கூடாது என்று பயமுறுத்துகிறான் போல என்று நினைப்பவர்களும் உண்டு. நினைத்துக்கொள்ளட்டும்.

மச்சானும் நானும் சேர்ந்து செராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம், இன்னொரு கிளை வேறு வட்டாரத்தில் இருக்கிறது. அடுப்படி மச்சானுடையது. ஆள் எடுப்பது, பெர்மிட், சம்பளச் சீட்டு எல்லாம் என் தலையில். அதனால் இங்கே எழுதுவது முழுக்க முழுக்க முதலாளி பக்கத்திலிருந்து தெரிகிற காட்சி. தொழிலாளி பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும், அதையும் ஓரளவு சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தும் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் நடக்க இடமிருக்காது, அத்தனை தமிழ்ப் பையன்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர் என்று எல்லா ஜில்லாவும் அந்த ஒரு சாலையில் நிற்கும். இத்தனை பேர் வரும்போது ஒரு சமையல்காரர் வரமுடியாதா என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் பையன்களில் பெரும்பாலானோர் கட்டுமானத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்பவர்கள். அந்தத் துறைகளுக்கு இந்தியாவிலிருந்து வொர்க் பெர்மிட்டில் ஆள் எடுக்கலாம். சாப்பாட்டுக் கடை சேவைத் துறையில் வருகிறது. சேவைத் துறைக்கு வொர்க் பெர்மிட் ஆள் மலேசியா, சீனா, அப்புறம் ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா இங்கிருந்தெல்லாம் வரலாம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கு ஷாங்காயிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வழி இருந்தது, சங்கரன்கோவிலிலிருந்து கொண்டுவர வழி இல்லை. நடுத்தரத் திறனுள்ளவர்களுக்கான எஸ் பாஸ் என்ற அனுமதி ஒன்றுதான் மிச்சம்.

2023 செப்டம்பர் முதல் தேதி இதில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தார்கள். குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் இந்தியா போன்ற நாடுகளிலிருந்தும் வொர்க் பெர்மிட் தருகிறோம் என்று ஒரு பட்டியல் போட்டதில், இந்திய உணவகச் சமையல்காரரும் இருந்தார். ஆனால் அவருக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையான சம்பளம் கொடுக்கவேண்டும், இப்படி வருகிறவர்கள் மொத்த ஊழியர்களில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எட்டு சதவீதம் என்பதைக் காகிதத்தில் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு மாஸ்டரைக் கொண்டுவரவே கடையில் பதின்மூன்று பேர் இருந்தாகவேண்டும். எட்டு மேசை போட்ட கடைக்கு எங்கே போவது பதின்மூன்று பேருக்கு?

இங்கேதான் உள்ளூர் ஆள் கணக்கு வருகிறது. சேவைத் துறையில் மொத்த ஆள்பலத்தில் 35 சதவீதம்தான் வெளிநாட்டுக்காரர்கள் இருக்கலாம், அதற்குள் எஸ் பாஸ் 10 சதவீதம். சிங்கப்பூரரையும் நிரந்தரவாசியையும் வேலைக்கு வைத்தால்தான் அந்த 35 சதவீதத்துக்கு ஏதாவது அர்த்தம். சும்மா பெயருக்கு வைத்தாலும் கணக்கில் வராது. 2024 ஜூலையில் வந்த விதிப்படி மாதம் 1,600 வெள்ளியும் அதற்கு மேலும் வாங்குபவர் ஒரு ஆள். 800-லிருந்து 1,600-க்குக் கீழே வாங்குபவர் அரை ஆள். 800-க்குக் கீழே என்றால் அவர் உங்கள் கடையில் நாள் முழுக்க நின்றாலும் மனிதவள அமைச்சின் கணக்கில் இல்லவே இல்லை. உள்ளூர் ஊழியருக்காக மத்திய சேம நிதியில் நீங்கள் கட்டும் பணத்தை வைத்து, கடைசி மூன்று மாதச் சராசரியாக அவர்களே எண்ணிக்கொள்கிறார்கள். நாம் வாயால் சொல்வதற்கு மதிப்பு கிடையாது.

எங்கள் கடையில் காலை வேளைக்கு ஒரு அக்கா வருகிறார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தோ பாயோவில் வீடு. இட்லித் தட்டு எடுத்து வைப்பது, பார்சல் கட்டுவது, வாடிக்கையாளரிடம் சீனமும் மலாயும் கலந்து பேசிச் சமாளிப்பது எல்லாம் அவர்தான். மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் வாங்குவார், ஆக அரை ஆள். ஒரு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னார்: "தம்பி, அடுத்த மாசத்திலேருந்து நான் வாரத்துக்கு மூணு நாள்தான் வருவேன். பேத்திய பாலர் பள்ளியில விடணும். சம்பளம் கொறஞ்சா பரவால்ல."

அவருக்குப் பரவாயில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று நாள் என்றால் அவர் சம்பளம் 800-க்குக் கீழே இறங்கும், அரை ஆள் பூஜ்யம் ஆகும். இரண்டு கிளைக்கும் சேர்த்து எங்கள் கணக்கு சரியாக இருபத்தைந்தில் நிற்கிறது என்று வையுங்கள். இருபத்தைந்தில் 8 சதவீதம் இரண்டு பேர். இருபத்து நாலரை ஆனால் 1.96, அதாவது ஒருவர்தான். தோ பாயோவில் ஒரு பேத்தி பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதால் கோவில்பட்டிப் பக்கத்து மாஸ்டர் ஒருவரின் பெர்மிட் புதுப்பிக்க முடியாமல் போகலாம். இரண்டு பேருக்கும் இது தெரியாது. காலையில் ஒருவருக்கொருவர் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அக்காவிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. சொன்னால் அது அவர் மேல் பாரத்தை ஏற்றுவது. நேரத்தை மட்டும் மாற்றிப் பேசினேன்: ஐந்து நாள் வாருங்கள், பேத்தியை விட்டுவிட்டு எட்டரைக்கு வாருங்கள், மதியக் கூட்டம் முடிந்ததும் போய்விடுங்கள். யோசித்துவிட்டுச் சரி என்றார். மச்சானுக்குக் கோபம், ஏழு மணிக் கூட்டத்துக்கு யார் நிற்பது என்று. நீ நில் என்றேன்.

இந்தக் கணக்கைக் குறுக்கு வழியில் சரிக்கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கடைக்கே வராத பெரியம்மா பெயரிலும், என்எஸ் என்கிற கட்டாய தேசியச் சேவையை முடித்துவிட்டுப் படிக்கிற பையன் பெயரிலும் சேம நிதி கட்டி ஆள் எண்ணிக்கையை ஊதிக்காட்டுவது. "என் தங்கச்சி பேர்ல போட்டுக்கோங்க, மாசம் இவ்வளவு மட்டும் அவளுக்குக் கொடுங்க" என்று எங்களிடமே ஒருவர் பேரம் பேசியிருக்கிறார். பொய்த் தகவல் கொடுத்ததாகச் சிக்கினால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டும்கூட விழலாம். அதற்கு மேல் இனி வெளிநாட்டு ஆளே எடுக்க முடியாதபடி தடை வரும், அதோடு கடை முடிந்தது.

எஸ் பாஸைப் பற்றி இரண்டு வார்த்தை. 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 3,300 வெள்ளி. அதுவும் சின்ன வயதுக்காரருக்குத்தான், வயது ஏற ஏறத் தொகையும் ஏறி, நாற்பத்தைந்து வயதில் 4,800-ஐத் தொடுகிறது. நம் தொழிலில் கை பழகிய நல்ல மாஸ்டர் என்பவர் நாற்பதைத் தாண்டியவராகத்தான் இருப்பார். அவர்தான் இருப்பதிலேயே விலை அதிகம். தவிர, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற கடை என்றால் எஸ் பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன் மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் போட்டு உள்ளூர்க்காரர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கவேண்டும். தோசை, வடை, சாம்பார் எல்லாம் போடத் தெரிந்தவர் தேவை என்று போட்டால் கணக்காளர்களும் கிடங்கு மேற்பார்வையாளர்களும் விண்ணப்பிப்பார்கள். இப்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் போய்விடுகிறதே.

லெவி என்கிற வெளிநாட்டு ஆள் வரி பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சேவைத் துறை வொர்க் பெர்மிட்டுக்கு, ஆளின் திறனையும் மொத்தத்தில் எத்தனை சதவீதம் வெளிநாட்டுக்காரர் என்பதையும் பொறுத்து, மாதம் 300-லிருந்து 800 வெள்ளி வரை அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும். எஸ் பாஸுக்கு 650. வங்கிக் கணக்கிலிருந்து ஜிரோ முறையில் தானாகக் கழிந்துவிடும். நியாயம் என்ன என்றால், வெளிநாட்டு ஆள் மலிவு என்று உள்ளூர்க்காரரை ஒதுக்கிவிடக்கூடாது. சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாஸ்டருக்கு நான் செலவழிக்கும் தொகையில் ஒரு கணிசமான பங்கு அவர் கண்ணிலேயே படாமல் போய்விடுகிறது. சம்பளத்தை நூறு வெள்ளி கூட்டிக் கொடுங்கள் என்று அவர் கேட்கும்போது என் மனக்கணக்கில் லெவி, மருத்துவக் காப்புறுதி, வீட்டு வாடகை, 5,000 வெள்ளிப் பிணைத்தொகை எல்லாம் ஓடுகிறது. அவர் மனக்கணக்கில் சம்பளம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு பேரும் வேறு வேறு எண்ணைப் பார்த்துக்கொண்டு பேரம் பேசுகிறோம். லெவியை அவர் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, அது மிகச் சரி. அவர் ஊருக்கு விடுப்பில் போகும்போது மட்டும், தொடர்ந்து ஏழு நாளாவது போனால், ஆண்டுக்கு அறுபது நாள் வரை லெவித் தள்ளுபடி கேட்கலாம். பல கடைகளுக்கு இது தெரிவதில்லை.

ஐபிஏ என்று ஒரு கடிதம் இருக்கிறது. பெர்மிட்டுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் என்று அமைச்சு தருவது. அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கும், அதுவும் தொழிலாளியின் தாய்மொழியில். ஆள் விமானம் ஏறும் முன்னாலேயே அது அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். நான் வாட்ஸப்பில் நேராக மாஸ்டருக்கே அனுப்பிவிடுவேன், நடுவில் யாரையும் விடுவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டாவது மாஸ்டருக்கு அப்படி அனுப்பியபோது அரை மணி நேரத்தில் போன் வந்தது. "அண்ணாச்சி, இதுல 2,200ன்னு தமிழ்ல போட்டிருக்கு. தப்பா அடிச்சுட்டாங்களா?" ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "ஏஜெண்ட் ஐயா 1,700ன்னுல்லா சொன்னாரு." பிறகு அந்த ஏஜெண்டிடம் பேசினேன். கொஞ்சமும் கூசாமல் விளக்கினார். சம்பளத்தை ஐபிஏவில் உள்ளபடி வங்கியில் போட்டுவிட வேண்டுமாம், மாஸ்டர் ஏடிஎம்மில் எடுத்து ஐந்நூறைக் கையில் திருப்பித் தரவேண்டுமாம், அதில் ஏஜெண்டுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. "எல்லாக் கடையிலயும் நடக்கிறதுதாண்ணே." எல்லாக் கடையிலும் நடக்கவில்லை, ஆனால் சில இடங்களில் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். வேலை கொடுத்ததற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்குவது இங்கே குற்றம், 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், 2,200 வாங்குகிறார் என்று கையெழுத்துப் போட்ட ஆளின் பாக்கெட்டிலிருந்து மாதாமாதம் ஐந்நூறைப் பிடுங்கிவிட்டு அவர் கையால் சுட்ட தோசையை எப்படித் தின்பது? அந்த ஏஜெண்ட் இப்போது எங்களுக்குப் போன் செய்வதில்லை.

இந்திய அரசின் பக்கமும் ஒரு ஓட்டை உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா, மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற இந்திய அரசு அதிகாரியிடம் அனுமதி பெறவேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே இங்கே வருகிற ஆள் எவ்வளவு கட்டினார், யாரிடம் கட்டினார், நிலத்தை அடகு வைத்தாரா, நகையை வைத்தாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கடனோடு வருகிற ஆள் கேள்வி கேட்க மாட்டார். கேள்வி கேட்காத ஆளைத்தான் சில முதலாளிகளுக்குப் பிடிக்கிறது.

வேலை நேரம்தான் எல்லாவற்றையும்விடச் சிக்கல். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைப் பழக்கம் என்ன? காலை ஐந்தரைக்கு அடுப்பு, இரவு பதினொன்றுக்குக் கழுவல், நடுவில் மூன்று மணிக்கு அரிசி மூட்டை மேல் ஒரு தூக்கம். இங்கே வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு, மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது, ஒரு நாளைக்கு ஓ.டி.யோடு சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு. ஓ.டி. விவரத்தைச் சம்பளச் சீட்டில் தனியாகக் காட்டவேண்டும், 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம்.

"அவன் நம்ம பையன், குடும்பத்துல ஒருத்தன் மாதிரி, மணி பார்த்தா வேலை வாங்குறோம்" என்று சொல்லும் முதலாளிகளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் உஷாராக இருக்கத் தோன்றும். குடும்பத்தில் ஒருத்தனுக்குப் பெர்மிட் ரத்து செய்து டிக்கெட் போட்டுக் கொடுப்பீர்களா? அந்தப் பாசத்தில்தான் பாஸ்போர்ட்டை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் பூட்டுவதும் நடக்கிறது. அதுவும் இங்கே குற்றம். நான் மணி பார்க்கிறேன். சுவரில் விரல் ரேகை வைக்கும் மெஷின் இருக்கிறது, மாஸ்டர்களும் வைக்கிறார்கள், மச்சானும் வைக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.

தீபாவளி ஒரு தனிக் கதை. சிங்கப்பூரில் தீபாவளி பொது விடுமுறை. லிட்டில் இந்தியாவில் இருக்கிற கடைக்கோ ஆண்டிலேயே பெரிய வியாபார நாட்களில் ஒன்று. விடுமுறையில் வேலை செய்தால் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாக உண்டு, இல்லை இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் வேறொரு நாள் விடுப்பு. வழக்கமாக எல்லோரும் பணமே போதும் என்பார்கள் என்று நினைத்தேன். முதல் மாஸ்டர் விடுப்புதான் வேண்டும் என்றார், ஆனால் வேறொரு நாள் வேண்டாம், தீபாவளி அன்றைக்கே வேண்டும். "காசு எல்லா மாசமும் வருது அண்ணாச்சி. வீடியோல புள்ளைங்க வெடி வெடிக்கிறதப் பாக்கணும்." காலை பத்து மணி வரை மச்சான் கல்லில் நின்றார். தோசை கொஞ்சம் தடிமனாகத்தான் வந்தது, ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

அடிக்கடி வருகிற இன்னொரு கேள்வி, ஞாயிற்றுக்கிழமை கட்டுமானப் பையன்கள் சும்மாதானே இருக்கிறார்கள், இரண்டு மணி நேரம் தட்டுக் கழுவ வைத்துக்கொண்டால் என்ன? பையன்களே வந்து கேட்பார்கள். பாவமாகத்தான் இருக்கும். அவர்களின் பெர்மிட் அந்த நிறுவனத்துக்கும் அந்த வேலைக்கும் மட்டும்தான். சிக்கினால் எனக்கு 5,000-லிருந்து 30,000 வெள்ளி வரை அபராதமோ பன்னிரண்டு மாதம் வரை சிறையோ, அவனுக்கு வேலையே போய் ஊர் திரும்பவேண்டி வரும். எனக்கு அபராதம் கட்ட வழி இருக்கிறது. அவனுக்கு என்ன இருக்கிறது? ஒரு டீயும் வடையும் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இந்த முறை நல்லதா கெட்டதா என்று கேட்டால், உள்ளூர்க்காரரைக் காப்பாற்ற நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். 2023 மார்ச்சிலிருந்து உணவகத் துறைக்குப் படிப்படியான ஊதிய முறை வேறு வந்திருக்கிறது. வெளிநாட்டு ஆள் வைத்திருக்கும் கடை உள்ளூர் ஊழியருக்கு இவ்வளவுக்குக் குறையாமல் தரவேண்டும் என்று வேலைக்கு வேலை வரையறுத்துவிட்டார்கள். எங்கள் அக்காவுக்குச் சம்பளம் ஏறியது என் தாராள மனத்தால் அல்ல. மாஸ்டர் விஷயத்தில்தான் எனக்கு உறுத்தல். சம்பளம் வரவில்லை என்றால் அவர் டாடெம் என்கிற தகராறு தீர்க்கும் அமைப்புக்குப் போகலாம், அங்கே சமரசம் ஆகாவிட்டால் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் விடமாட்டார்கள். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள், விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். இதெல்லாம் இருக்கிறது. ஆனால் அவர் பெர்மிட்டை ரத்து செய்யும் பொத்தான் என் கணினியில் இருக்கிறது, என் கடையைப் பற்றி அவர் அழுத்தக்கூடிய பொத்தான் எதுவும் இல்லை. நான் நல்லவனாக இருப்பதை நம்பித்தான் அவர் நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்றால் அது சட்டத்தில் மிச்சமிருக்கும் குறைதான்.

2025 செப்டம்பரில் அந்தப் பட்டியலை விரித்துவிட்டார்கள். இனி இந்திய உணவகம் என்ற கட்டுப்பாடு கிடையாது, எந்தக் கடையும் இப்படிச் சமையல்காரரைக் கொண்டுவரலாம். எட்டு சதவீதம் மட்டும் அப்படியே. அதனால் மாஸ்டருக்கு ஆள் கிடைப்பது கொஞ்சம் எளிதாகி, அவரைக் கணக்கில் தாங்கி நிற்க உள்ளூர் ஆள் கிடைப்பது இன்னும் கஷ்டமாகியிருக்கிறது, எல்லாக் கடைக்காரரும் அதே அக்காக்களைத்தான் தேடுகிறார்கள்.

எங்களுக்கும் மாலை வேளைக்கு ஒருவர் தேவைப்படுகிறது. சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ, முழு நேரம், சம்பளம் 1,600-க்கு மேலேதான், தீபாவளிக்கு லீவு கேட்டால் சண்டை போடமாட்டோம். சமையல் தெரியவேண்டாம். யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் நம்பர் போடாமல் மின்னஞ்சலில் சொல்லுங்கள். மச்சானுக்கு ஏழு மணிக் கூட்டமும் மாலைக் கூட்டமும் சேர்ந்து முதுகு வலி.